கார்த்திகை மழையும் வீட்டு உரக்குழியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர்காலத்தில் மக்கு உரம் தயாரிப்பது பற்றிய அறிவுரைகளில் பல, பனி உறையும் நாடுகளுக்காகச் சொல்லப்பட்டவை. வைக்கோலைப் போர்த்திச் சூட்டைக் காக்கச் சொல்லும் அவற்றை அப்படியே குமரி மாவட்டத்தில் கடைப்பிடிப்பதுதான் முதல் தவறு. நாகர்கோவிலிலோ குளச்சலிலோ மார்கழி இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், குளிரால் நுண்ணுயிர்கள் இங்கே ஓய்ந்துவிடுவதில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே நம் உரத்தைக் கெடுக்கிறது.

குவியலில் ஈரம் 50 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது நல்லது. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம். நீர் ஒழுகினால், காற்று நிற்க வேண்டிய இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டது என்று பொருள். காற்றில்லா நிலையில் வாழும் நுண்ணுயிர்கள் பெருகி, அழுகல் நாற்றம் கிளம்பும். மழைக்கு அஞ்சித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினாலும் இதே கதிதான். ஒரு கார்த்திகையில் நானும் அப்படிக் கட்டிவைத்துப் பத்து நாள் கழித்து அவிழ்த்தேன்; அடுத்த வீட்டார் முகத்தில் விழிக்க முடியவில்லை. மேலே சாய்வான கூரை, பக்கங்களில் காற்றோட்டம், அடியில் செங்கல்லோ கதம்பையோ (தேங்காய் மட்டை) அடுக்கி உயர்த்திய தளம் ஆகியவை போதும்.

மழை தொடங்கிய பிறகு சருகைத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கின் தோல், காய்கறிக் கழிவு போன்றவை ஒரு பங்கு என்றால், காய்ந்த சருகு இரண்டு பங்காவது வேண்டும். ரப்பர் மரங்கள் இலை உதிர்ப்பது பெரும்பாலும் மழை ஓய்ந்த பிறகுதான். ஆகவே பலா இலையையும் வாழைச் சருகையும் புரட்டாசியிலேயே சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வைக்க வேண்டும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு, மக்குவதும் மெதுவாகத்தான். அதை மட்டும் நம்பாமல் சாணத்தோடு சேர்க்கலாம்.

மீன் தலையையும் செதிலையும் மேலே கொட்டிவிட்டுப் போனால் ஈயும் எலியும் வரும். குவியலின் நடுவே புதைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சருகு மூட வேண்டும். நாற்றத்துக்குச் சுண்ணாம்பும் சாம்பலும் தூவுவது தழைச்சத்தை அமோனியாவாகப் பறக்கவிடும் வேலை.

தையிலும் மாசியிலும் நிலைமை தலைகீழாகிறது. மழையை நினைத்து அப்போதும் தண்ணீர் தெளிக்காமல் விட்டால், குவியல் உலர்ந்து, போட்ட இலை போட்டபடியே கிடக்கும்.