பல்லில் கிளிப் போட்டவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போட்டு வந்த அன்றே முதல் தடை அல்வாவுக்குத்தான் விழும். அதில் நியாயம் உண்டு. என்றாலும் பல்லைக் கெடுப்பதில் அல்வாவைவிடப் பெரிய பங்கு, பள்ளிக்கூட வண்டி வருவதற்குள் அவசரமாகப் பல் தேய்க்கும் கைக்கே இருக்கிறது.

கிளிப்பின் கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டிய சிறு சதுரத் துண்டான பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நெல்மணி அகலத்துக்கு இடம் இருக்கும். பிரஷ்ஷைக் கம்பியின் மேலேயே முன்னும் பின்னும் இழுத்தால் பிராக்கெட் பளபளக்கும். அந்த இடத்தில் மாவு போன்ற படலம் அப்படியே கிடக்கும். படலத்திலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கி பல்லின் கடினமான மேற்பூச்சான எனாமலின் கால்சியத்தைக் கரைப்பதால், நான்கு வாரத்திலேயேகூடப் பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போன்ற வெள்ளைத் தழும்பு விழலாம். கிளிப்பைக் கழற்றும்போது வரிசை நேராகி, ஒவ்வொரு பல்லின் நடுவிலும் பழைய நிறத்தில் ஒரு சதுரம் தனித்துத் தெரிவதைப் பார்த்து வருந்திப் பயனில்லை. எனவே பிரஷ்ஷை 45 பாகை சாய்த்து ஈறோரத்தை முதலில் தேய்த்து, பிறகு கம்பிக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் தனித்தனியாகத் தேய்த்து, கடைசியில் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவம் போன்ற இடைப்பல் பிரஷ்ஷைக் கம்பிக்கு அடியில் நுழைத்து எடுக்க வேண்டும்.

ஈறில் ரத்தம் கசிகிறது என்று அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்ப்பது அடுத்த தவறு. பெரும்பாலும் அழுக்குத் தங்கியதால்தான் கசிவே வருகிறது. மவுத்வாஷ் கொப்பளித்தால் வாய் மணக்கும், படலம் போகாது. விரலால் தேய்க்கும் பல்பொடி கம்பிக்கு அடியில் எட்டாது. ஃபுளோரைடு கலந்த பேஸ்ட்டே நல்லது.

இனிப்பை ஒரேயடியாக விலக்கச் சொல்வது நம் ஊரில் நடக்காத காரியம். சாப்பாட்டோடு ஒருமுறை கொஞ்சம் அல்வா சாப்பிட்டு வாயைச் சுத்தம் செய்வதைவிட, பொழுதெல்லாம் கிள்ளிக் கிள்ளித் தின்பதே கெடுதல். கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் பொங்கல் கரும்பும் வேறு வகை: கடிக்கும் வேகத்தில் பிராக்கெட்டே பெயர்ந்துவிடும்.

பனங்கிழங்கு நார் கம்பியில் சுற்றிக்கொண்டால் பலர் ஊக்கை எடுத்துக் குத்துகிறார்கள். கம்பி வளைவதோடு ஈறும் கிழியும். தண்ணீரை வாயில் வைத்து நன்றாகக் கொப்பளித்து, மிஞ்சியதை இடைப்பல் பிரஷ்ஷால் தள்ளினால் நார் வந்துவிடும்.