வடசென்னையில் தங்கிக் காட்டு மான் பார்க்க: தாயகம் வருவோருக்கு

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என உறவினர் வீடுகளுக்கு விடுமுறையில் வருகிறவர்களின் பிள்ளைகள் காட்டு விலங்கு பார்க்க வேண்டும் என்று கேட்டால், வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் வண்டலூருக்குத்தான் வழி சொல்வார்கள். வண்டலூர் நல்ல இடம்தான் என்றாலும் அங்குள்ளவை மனிதர் தீனி போட்டு வளர்க்கும் விலங்குகள். தானே மேய்ந்து, தானே இணை சேர்ந்து, தானே பிழைக்கும் மான்கள் இதே நகருக்குள், கிண்டிக் காட்டில் வாழ்கின்றன. அவற்றைப் பார்க்க எப்படிப் போவது, பார்த்ததும் எந்த மான் என்று எப்படி அறிவது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி வழியாகப் பழவேற்காடு வரை நீளும் கரையில் மானைத் தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம். துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் உப்பங்கழிகளும் நிறைந்த கரை அது. பழவேற்காட்டுக்குப் போவதானால் குளிர்காலத்தில் பூநாரைகளுக்காகப் போகலாம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவின் காட்டில் புள்ளிமான்கள் உண்டு என்றாலும், அது ஆந்திர எல்லைக்குள் விண்வெளி மையத்தின் காவலில் இருப்பதால், மான் பார்க்க வந்தேன் என்று சொல்லி உள்ளே நுழைய முடியாது.

கிண்டிக்குப் போவது எளிது. விம்கோ நகரில் தொடங்கி விமான நிலையம் வரை ஓடும் மெட்ரோவின் நீலத் தடத்தில், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ ஏறினால், வண்டி மாறாமல் சின்னமலையிலோ கிண்டியிலோ இறங்கலாம். அங்கிருந்து சர்தார் படேல் சாலையில் உள்ள சிறுவர் பூங்காவுக்கு ஆட்டோ கிடைக்கும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. பூங்காவின் அடைப்புகளுக்குள் இருப்பவை வளர்ப்பு விலங்குகள். அவற்றுக்கு அப்பால் மரங்களுக்கிடையே தெரிபவையே காட்டு மான்கள். ஒரு காலத்தில் ஆளுநரின் வேட்டைக்காடாக இருந்து 1978இல் தேசியப் பூங்காவான இக்காட்டின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர்தான். உட்பகுதியில் விருப்பம்போல் நடமாட முடியாது; அதற்கு வனத்துறையின் முன்அனுமதி வேண்டும். ஒட்டியுள்ள ஐ.ஐ.டி. வளாகமும் இதே காட்டிலிருந்து பிரிக்கப்பட்டதுதான். அங்கே படிக்கிறவரோ பணிபுரிகிறவரோ உறவில் இருந்தால், வருகையாளர் விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது, ஏனெனில் அவ்வளாகத்துச் சாலையோரங்களில் மான்கள் மிக அருகில் நின்று மேயும்.

இங்கே கட்டின்றி வாழும் மான்கள் புள்ளிமான், வெளிமான் என இரண்டே வகை. எளிதில் கண்ணில் படுவது புள்ளிமான். செம்பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் குட்டிப் பருவத்தோடு மறையாமல் ஆயுள் முழுவதும் இருக்கும். முதுகுத்தண்டு நெடுகக் கருங்கோடும், தொண்டையில் வெள்ளைத் திட்டும் உண்டு. கிடாவுக்கு மட்டுமே கிளைவிடும் கொம்பு. அது உதிர்ந்து மீண்டும் முளைக்கும். எல்லாக் கிடாக்களுக்கும் ஒரே பருவத்தில் உதிராததால், ஒரே கூட்டத்தில் ஒன்றின் கொம்பு முற்றி மெருகேறியிருக்க, இன்னொன்றின் கொம்பு மென்மயிர்த் தோல் போர்த்து, நுனி மழுங்கித் தடித்து நிற்பதைக் காணலாம். அந்தத் தோலுக்குள் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்; முற்றிய பின் மான் அதை மரத்தில் உரசிக் கழற்றும். ஆபத்தை உணர்ந்தால் முன்காலைத் தரையில் தட்டி, கூர்மையாகக் குரலெழுப்பி, வாலைத் தூக்கி அடிவெள்ளையைக் காட்டும்.

வெளிமானைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் வலுவான எண்ணம். அதன் கொம்பு கிளைக்காது, உதிராது. வளையம் வளையமாக முறுக்கி மேலெழும். வளர்ந்த கிடாவின் மேலுடல் கரும்பழுப்பாகவும் வயிறும் தாடையும் கண்ணைச் சுற்றிய வட்டமும் தூய வெள்ளையாகவும் இருக்கும். தென்னிந்தியாவில் முழுக் கறுப்புக் கிடா அரிது என்பதால், படங்களில் கண்ட நிறத்தைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரே நிற்பதையே தவறவிட நேரும். பெட்டைக்குக் கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை. மணல் நிறத்தில் ஒல்லியாக இருக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் அதைப் புள்ளிமான் குட்டி என்று எண்ணிவிடுகிறார்கள், ஆனால் புள்ளிமான் குட்டிக்கும் புள்ளி உண்டு. வெளிமான் மரச்செறிவை விரும்பாது. நாற்புறமும் கண்ணுக்கு எட்டும் புல்வெளிதான் அதற்கு வேண்டும், ஏனென்றால் அதன் பாதுகாப்பு ஒளிவதில் இல்லை, பார்ப்பதிலும் பாய்வதிலும் இருக்கிறது. கிண்டியின் புல்வெளிகளில் அயல் மரங்களும் புதர்களும் ஏறியது அதற்குப் பெருந்தீங்காயிற்று. புள்ளிமான் இரண்டு சூழலுக்கும் ஈடுகொடுத்துப் பெருக, வெளிமான் குறைந்தது. ஆகவே இது எளிதில் அமையாத காட்சி. திறந்த வெளிகளின் ஓரத்தில் பொறுமையாக நிற்பவர்களுக்கே வாய்ப்பு.

காலையில் பூங்கா திறந்தவுடனும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் மான்கள் மேயும். நடுப்பகலில் நிழலில் படுத்து அசைபோடும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் வருகிறவர்களுக்கு வானிலை இதமாக இருக்கும். மண்நிற ஆடையும் எட்டு மடங்கு தொலைநோக்கியும் போதும். மாலையில் கொசு கடிக்கும்.

தின்பண்டம் எதுவும் கொடுக்காதீர்கள். பிஸ்கட்டின் மணம் ஒட்டிய நெகிழி உறையை மான் விழுங்கினால், அது இரைப்பையில் சிக்கி மெல்லக் கொல்லும். இந்த வளாகங்களில் மான்கள் அப்படி இறந்திருக்கின்றன. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகளும் விடாது. ஆளுநர் மாளிகை பக்கத்திலேயே இருப்பதால் டிரோனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வெளிநாடு திரும்புகிறவர்களுக்கு இன்னொன்று. தரையில் கிடக்கும் உதிர்ந்த கொம்பையும் நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பழைய வீடுகளில் தாத்தா காலத்து மான்கொம்பு சுவரில் மாட்டியிருப்பதுண்டு. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பதே சிக்கல், பெட்டியில் போட்டு விமான நிலையம் கொண்டுபோவது பெருஞ்சிக்கல். பெரியப்பாவோ மாமாவோ அன்போடு எடுத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

கூடுதலாகச் சில நாட்கள் கையில் இருப்பவர்கள் வேதாரண்யத்தை அடுத்த கோடிக்கரைக்குப் போகலாம். 1967இல் சரணாலயமான அந்தக் கடலோரப் புல்வெளியில் வெளிமான் கூட்டமாக மேய்வதையும், மிரண்டால் ஒன்றன்பின் ஒன்றாக உயர எம்பிக் குதித்து ஓடுவதையும் தடையின்றிப் பார்க்கலாம்.