ஆக்சுவரி ஆக வேண்டுமா? பிளஸ் டூ முடித்தவர்களுக்குப் படிப்படியாக

முதல் படி: ஒரு கணக்குப் போடுங்கள்

காப்பீடு போன்றவற்றில் பின்னால் வரக்கூடிய செலவுக்கு இன்றே எவ்வளவு பணம் வேண்டும் என்று கணிப்பவர்தான் ஆக்சுவரி. கல்லூரி தேடும் முன் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுக்காரர்கள் ஆயிரம் பேர் ஓராண்டு ஆயுள் காப்பீடு எடுக்கிறார்கள். யார் இறந்தாலும் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். இந்திய ஆயுள் காப்பீட்டுத் துறையின் 2012-14 இறப்பு அட்டவணைப்படி, அந்த வயதில் ஓராண்டுக்குள் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவர் இறக்கிறார். அப்படியானால் தலைக்கு 1,000 ரூபாய் வாங்கினால் போதும்.

சரி, பிரீமியம் இன்றே வந்துவிடுகிறது. ஆண்டுக் கடைசியில்தான் பணம் கொடுக்கப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் 6 சதவீத வட்டி கிடைத்தால்? 1,000-ஐ 1.06-ஆல் வகுத்தால் 943 ரூபாய். அப்புறம் செலவு, கமிஷன் எல்லாம் இதன்மேல் ஏறும்.

“ஒருவருக்குப் பதில் மூன்று பேர் இறந்துவிட்டால் பணத்துக்கு எங்கே போவது?” என்று உங்களுக்கே தோன்றியதா? அப்படியானால் இந்தப் படிப்பு உங்களுக்கானதுதான். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே ஆக்சுவரியின் வேலை.

இரண்டாம் படி: பட்டம்

பலரும் தடுமாறுவது இங்கேதான். பட்டம் வாங்கினால் மட்டும் ஆக்சுவரி ஆகிவிட முடியாது. இந்தியாவில் அந்தத் தகுதியைத் தருவது இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா. 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரீஸ் சட்டப்படி இயங்கும் அமைப்பு. அதனால் பட்டத்தின் பெயரில் ‘ஆக்சுவேரியல்’ என்ற சொல் இல்லையே என்று அதிகக் கட்டணக் கல்லூரிக்கு ஓடாதீர்கள். பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியலோ கணிதமோ கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். நிகழ்தகவை மட்டும் மனப்பாடம் செய்யாமல் புரிந்து படியுங்கள். மேலே படிக்க விரும்பினால் சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. ஆக்சுவேரியல் சயின்ஸ் இருக்கிறது.

மூன்றாம் படி: தாள்கள்

முதலில் அந்த இன்ஸ்டிடியூட்டின் ஏசெட் (ACET) நுழைவுத் தேர்வு. பிளஸ் டூ முடித்தவுடனேயே எழுதலாம். தேறி மாணவ உறுப்பினர் ஆன பிறகு, ஃபெலோ, அதாவது முழுத் தகுதி பெற்ற உறுப்பினர், ஆவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட தாள்கள் காத்திருக்கின்றன. பட்டம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கல்லூரியில் புள்ளியியல் நடக்கும்போதே சிஎஸ்1 என்ற புள்ளியியல் தாளை எழுதினால் ஒரே உழைப்பு இரண்டுக்கும் உதவும். ஆர் (R) என்ற கணினி மொழியும் எக்செல்லும் இப்போதே கைக்குப் பழகட்டும். சில தாள்களைக் கணினியில்தான் எழுத வேண்டும்.

நான்காம் படி: வேலை

ஆயுள், மருத்துவ, வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள், காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் எல்லாம் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது கிராஜுவிட்டி, அதாவது நீண்ட நாள் வேலை பார்த்தவருக்கு நிறுவனம் தரும் பணிக்கொடை. மாதம் 26,000 ரூபாய் வாங்குபவர் 20 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றால், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் 3 லட்சம் ரூபாய் வரவேண்டும். ஆனால் இன்று வேலையில் இருக்கும் ஐந்நூறு பேரில் யார் நடுவில் விலகுவார், சம்பளம் எவ்வளவு ஏறும், அதற்கு நிறுவனம் இந்த ஆண்டுக் கணக்கில் எவ்வளவு ஒதுக்க வேண்டும்? இதையும் ஆக்சுவரிதான் கணித்துத் தருகிறார். இரண்டு மூன்று தாள் தேறியதும் இப்படிப்பட்ட ஆலோசனை நிறுவனங்களுக்குப் பயிற்சி வேலை கேட்டு எழுதுங்கள்.