மண்கட்டியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

பெங்களூரு அருகே ஆனேக்கல் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் கேழ்வரகு நிலம் உண்டு. மே மாத மழையில், உழுத இடத்திலிருந்து ஓடிய தண்ணீர் செங்கல்லைக் கரைத்தாற்போல் இருந்தது. புல் மண்டிய வரப்போரத்திலிருந்து வந்ததோ கிட்டத்தட்ட தெளிவு. இரண்டும் ஒரே செம்மண்தான். மண் எப்படிக் கட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அதை பெங்களூரு ஃபிளாட் சமையலறையிலேயே சோதித்துவிடலாம்.

முதலில் இரண்டு இடத்திலும் மேல்மண்ணை, நசுக்காமல், கோலிக்குண்டு அளவுக் கட்டிகளாக எடுங்கள். நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். நான் அவசரப்பட்டு ஈரக்கட்டியைப் போட்டு, "நல்ல மண்" என்று மாமாவிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். காய்ந்த கட்டிக்குள் தண்ணீர் வேகமாக நுழையும்போது, உள்ளே சிக்கிய காற்று அழுந்தி வெடித்துக் கட்டியை உடைக்கும். ஈரக்கட்டியில் அந்தக் காற்று குறைவு. அதனால் பலவீனம் வெளியே தெரியாது.

அப்புறம் இரண்டு கண்ணாடி டம்ளர், டீ வடிகட்டி இரண்டு. (வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். நான் கேட்கவில்லை.) மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீரில் உள்ள உப்புகள் களித்துகள்களை ஒட்டவைத்து ஏமாற்றிவிடும். கட்டியை வடிகட்டியில் வைத்து, தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். கலக்கக் கூடாது. 5 நிமிடம் கழித்து ஒருமுறை, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள்.

கட்டி அப்படியே நின்றால் சரி; வேர்களும் பூஞ்சை இழைகளும் மக்கிய இலைதழையும் பிசின்போல் அதைப் பிடித்திருக்கின்றன. பொலபொலவென்று சரிந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அந்தப் பிசின் போதவில்லை. வயலில் மழைத்துளி அடிக்கும்போதும் இதேதான் நடக்கும். உடைந்த துகள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடுபோல் இறுகும். கேழ்வரகு முளை அதை முட்டித் திணறும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மண்ணை இழுத்துக்கொண்டு ஓடும்.

கட்டியைச் சுற்றிப் புகைபோல் கலங்கல் பரவினால் அது வேறு கதை. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள்கள் பிரிந்துவிட்டன. மணல் வரப்பிலேயே தங்கிவிடும். களித்துகள்களோ நாள்கணக்கில் மிதந்து, பாஸ்பரஸையும் சுமந்துகொண்டு ஏரிக்குப் போகும். பெரும்பாலும் சோடியம்தான் காரணம். அதை விரட்ட ஜிப்சம் (ஒரு கால்சியம் உப்பு) போடுவார்கள். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள்.

மாமாவின் கட்டி சரிந்த ரகம். தொழுவுரம், கேழ்வரகுத் தட்டையால் மண்ணுக்கு மூடாக்கு, சரிவுக்குக் குறுக்கே உழவு, மண்ணைப் பொடியாக்கும் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டோடு நிறுத்தம் என்று ஆரம்பித்திருக்கிறோம். அறுவடை முடிந்ததும் அதே இடத்தில் கட்டி எடுத்து மறுபடி போடப்போகிறேன். இந்தமுறை சொந்தமாக வாங்கிய வடிகட்டியில்.