மனநல மருத்துவரைத் தேடிப் போவது எப்படி? முதல்முறை செல்பவர்களுக்கு

தூக்கம் கெட்டு மூன்று வாரமாகிறது. பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டவில்லை. வீட்டில் "யாரையாவது போய்ப் பார்" என்கிறார்கள். அந்த "யாரையாவது" யார் என்பதில்தான் பலரும் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்திருந்தால் கீழே உள்ள படிகள் எதுவும் வேண்டாம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே செல்லுங்கள். முன்பதிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 1: யார் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர் பொது மருத்துவம் படித்துவிட்டு, அதன் பிறகு மனநோய்களில் சிறப்புப் பயிற்சி பெற்றவர். நோயைக் கண்டறிவார், பரிசோதனைகளுக்கு எழுதுவார், மருந்து தருவார். உளவியலாளர் பெரும்பாலும் பேச்சுவழி சிகிச்சை தருபவர். பல நாடுகளில் அவர் மருந்து எழுத முடியாது. வலிப்பு, பக்கவாதம், கைகால் மரத்துப்போவது போன்றவை நரம்பியல் மருத்துவரிடம் போகவேண்டியவை. "நரம்புத் தளர்ச்சி" என்று தாமே பெயர் வைத்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்து, சுற்றிவிட்டு மனநலப் பிரிவுக்கு வருபவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

படி 2: பக்கத்தில் தேடுங்கள்

வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடம் கேட்பது நல்ல தொடக்கம். பெரிய பொது மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு பெரும்பாலும் இருக்கும். பெயர் கிடைத்ததும், மருத்துவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பின் பட்டியலில் அந்தப் பெயரும் தகுதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இணையத்தில் தரும் நட்சத்திரங்களை நான் அதிகம் நம்புவதில்லை. குணமாகி நிம்மதியாக இருப்பவர், தன் பெயரைப் போட்டு "எனக்கு மனநோய் சரியானது" என்று எழுதுவது அரிது. கோபத்தில் இருப்பவர்தான் எழுதுகிறார்.

ஊரிலேயே பெரிய மருத்துவர் என்று நாலு மணி நேரப் பயணத்தில் ஒருவரைப் பிடிப்பதைவிட, அரை மணி நேரத்தில் போய்வரக்கூடியவரே மேல். இது ஒருநாளில் முடிகிற வைத்தியமில்லை. மருந்தின் அளவை ஏற்றி இறக்க, முதல் சில மாதங்களில் பலமுறை போகவேண்டியிருக்கும். தூரம் அதிகமென்றால் மூன்றாம் முறையே சோம்பல் வந்துவிடும்.

படி 3: தொலைபேசியில் கேளுங்கள்

எத்தனை நாளில் பார்க்க முடியும், முதல் சந்திப்புக்கு எவ்வளவு நேரம், கட்டணம் என்ன, அடுத்தடுத்த முறையும் இதே மருத்துவர்தானா? நோயாளி குழந்தையோ முதியவரோ என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

படி 4: ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்

எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும். அதனால் முந்தைய இரவே எழுதிவையுங்கள். "மனது சரியில்லை" என்று எழுதினால் மருத்துவருக்கு அதில் பிடி கிடைக்காது. இப்படி எழுதுங்கள்: "ஐந்து வாரமாக இரவு 3 மணிக்கு விழிப்பு. பிறகு தூக்கமில்லை. எடை 4 கிலோ குறைந்தது. காலையில் மோசம், மாலையில் கொஞ்சம் பரவாயில்லை." கீழே, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகள், குடிப்பழக்கம், புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது இருந்த மனநோய் ஆகியவற்றைச் சேருங்கள். மதுவின் அளவைக் குறைத்து எழுதாதீர்கள். மருந்தோடு மோதக்கூடியது அது.

படி 5: முதல் சந்திப்பு

சாய்வுப் படுக்கையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. மேசை, நாற்காலி, நிறையக் கேள்விகள். நீங்கள் பேசும் வேகம், கை நடுக்கம், முகபாவம் ஆகியவற்றையும் அவர் கவனித்துக்கொண்டிருப்பார். மனச்சோர்வை நேரடியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனாலும் ரத்தம் எடுக்கச் சொல்லலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலோ, ரத்தசோகையோ வைட்டமின் பி12 குறைவோ இருந்தாலோ, அதே அசதியும் மந்தமும் வரும். அப்படியானால் அதற்குத்தான் முதலில் வைத்தியம்.

"எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு இருந்ததுண்டா?" என்றும் கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று கடந்துவிடாதீர்கள். இருமுனைக் கோளாறு (சில காலம் சோர்வு, சில காலம் அளவுமீறிய உற்சாகம் என மனம் இரு கோடிகளுக்கும் போகும் நோய்) உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், மனம் மறுகோடிக்குப் பாய்ந்துவிடக்கூடும்.

படி 6: மாத்திரையோடு பொறுமை

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலைசெய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரமும் ஆகலாம். குமட்டல், தலைவலி போன்ற பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். தொல்லை முன்னால், பலன் பின்னால் என்ற இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தைத் தூக்கிப்போடுகிறார்கள். அந்த வாரத்தில் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். படபடப்பு கூடினாலோ விபரீத எண்ணங்கள் வந்தாலோ அன்றே சொல்லுங்கள். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தவும் கூடாது. சில மாதங்கள் தொடர்ந்து, பிறகு அவர் சொல்படி படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

"பழகிவிடுமே" என்ற பயம் எல்லா மாத்திரைக்கும் பொருந்தாது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் சிலவகை மாத்திரைகளில் அந்த ஆபத்து உண்டு. எழுதித் தரும்போதே எத்தனை நாளுக்கு என்று கேட்டுவிடுங்கள்.

படி 7: ஒத்துவரவில்லை என்றால்

இரண்டு மூன்று சந்திப்பு கொடுத்துப் பாருங்கள். கேள்வி கேட்டால் எரிந்துவிழுகிறார், பக்க விளைவைச் சொன்னால் காதில் வாங்குவதில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம், தவறில்லை. போகும்போது பழைய மருந்துச்சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துச்செல்லுங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு அளவு, எத்தனை வாரம் சாப்பிட்டீர்கள் என்பது தெரிந்தால், புதியவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.