ரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

சிக்கலில் இருக்கும் பிள்ளைகளோடு பழகித் துணைநிற்கும் தொண்டூழியரான இளையர் வழிகாட்டியாகச் சேர என்ன தகுதி வேண்டும் என்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் என்னோடு கிரேன் இயக்கும் தம்பிமார் கேட்கிறார்கள். பட்டம் தேவையில்லை. பதினைந்து வயதுப் பையன் அரை மணி நேரம் வாயே திறக்காமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தாலும் முகம் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார முடியுமா? முடியும் என்றால் விண்ணப்பியுங்கள்.

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவில் கேட்கலாம், உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்தில் கேட்கலாம், கிவிங் எஸ்ஜி இணையத்தளத்தில் தொண்டூழிய வாய்ப்புகளைத் தேடலாம். உங்கள் பின்னணியை விசாரித்தால் கோபப்படாதீர்கள். விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். சேர்ந்த கையோடு ஒன்றைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: நான் சந்திக்கப்போகும் பையனுக்குப் பொறுப்பான சமூக ஊழியர் யார், இரவில் அவசரம் என்றால் யாரை அழைப்பது?

ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் வாரந்தோறும் வருவதாகச் சொல்லிவிட்டுத் திண்டாட வேண்டாம். என் வேலைப் பட்டியலைப் பையனிடமே காட்டி, அவனையே நாள் குறிக்கச் சொல்கிறேன். இரண்டு வாரத்திற்கு ஒருமுறை போதும், ஆனால் குறித்த நாளில் போய்விட வேண்டும். வருகிறேன் என்று சொல்லி வராத பெரியவர்களை இவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருக்கிறார்கள். நீதிமன்றம் விதித்த நன்னடத்தைக் கண்காணிப்பில் இருக்கும் பையன் என்றால், குறிப்பிட்ட மணிக்குள் வீடு திரும்பவேண்டிய கட்டுப்பாடு இருக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் நீங்கள் நேரத்தை மறந்தால், நிபந்தனையை மீறியதாகக் கணக்கு அவன் பெயரில்தான் விழும்.

எங்கே சந்திப்பது? அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் விசாரணை மாதிரி இருக்கும். உணவங்காடி நிலையம் நல்லது. ஹலால் கடை வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்குப் பிடித்த இடம் மாடி பஸ்ஸின் மேல்தள முன்னிருக்கை. இருவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயமெல்லாம் தானாக வரும்.

"எந்தப் பிரிவில் படிக்கிறாய்?" என்று தொடங்காதீர்கள். 2024 முதல் உயர்நிலை முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு, மதிப்பெண்ணை வைத்துப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே கிடையாது. ஒவ்வொரு பாடத்தையும் தங்களுக்கு ஏற்ற கடின அளவில், ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் படிக்கிறார்கள். அவர்களுக்கு மூத்த பிள்ளைகளுக்கோ அந்தப் பழைய முத்திரை இன்னும் உறுத்தும். சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.

சில மாதங்கள் கழித்து ஒருநாள், "அண்ணே, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்" என்பான். பெருமையாகத்தான் இருக்கும். சத்தியம் செய்யாதீர்கள். நான் சொல்லும் பதில் இது: "உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் சமூக ஊழியரிடம் சொல்லியே ஆகவேண்டும். மற்றதெல்லாம் நமக்குள்." இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் பின்னால் துரோகம் என்ற பேச்சு எழாது. சிலர் அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். மூடட்டும், துருவாதீர்கள். அடுத்த முறை பாதி சொல்வார்கள்.

அடிதடி, கத்தி, வீட்டில் வன்முறை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, போதைப்பொருள் என்று வந்தால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். மின்சிகரெட்டை "வயசுக் கோளாறு" என்று நம் ஆட்கள் தள்ளிவிடுகிறார்கள். அதை வைத்திருப்பதே இங்கே குற்றம். சிலவற்றில் கலந்துவரும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து 2025 செப்டம்பர் 1 முதல் போதைப்பொருள் சட்டத்தின் 'சி' பிரிவில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டது. அதற்காகப் பையனின் பையைச் சோதனை போடும் வேலையும் உங்களுடையதல்ல. தெரிவிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் அவனிடமே சொல்லுங்கள். முடிந்தால் அவன் பக்கத்தில் இருக்கும்போதே சமூக ஊழியரை அழையுங்கள்.

அம்மாவும் ஒருநாள் உங்களைப் பிடிப்பார். "தம்பி, இவன் யாரோடு சுற்றுகிறான் என்று உங்களிடம் சொல்வானே?" தமிழில் பேசும் ஆள் கிடைத்த ஆறுதல் அவருக்கு. மரியாதையோடு கேளுங்கள், டீ கொடுத்தால் குடியுங்கள், ஆனால் உளவு சொல்லாதீர்கள். "அவனையே உங்களிடம் சொல்லச் சொல்கிறேன் அக்கா" என்று முடித்துக்கொள்ளலாம்.

கடன் கொடுக்காதீர்கள், ஐந்து வெள்ளியானாலும் சரி. சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அவனோடு எடுத்த படத்தைச் சமூக ஊடகத்தில் போடவே கூடாது. நீதிமன்றம் வரை போன சிறார் என்றால், அடையாளம் வெளியாவது சட்டச் சிக்கலும் ஆகும்.

வழிகாட்டித் திட்டக் காலம் முடியும் தேதியைக் கடைசி நாளில் சொல்லாமல், இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்கிறானா, வேலைக்குப் போகிறானா, கட்டாயத் தேசிய சேவைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பேசி, அதன்பின் யாரை அழைக்கலாம் என்பதை அவன் கைப்பேசியில் அவனையே பதிந்துவைக்கச் சொல்லுங்கள். தொடர்ந்து சந்திக்கலாமா என்று கேட்டால், அமைப்பிடம் அனுமதி பெற்ற பிறகே சரி என்று சொல்லுங்கள்.