மின்சாரக் காரில் ‘ஊம்’ சத்தம்: வீல் பேரிங்தானா என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் மின்சாரக் காரில் போய் வருகிறேன். ஒருநாள் கன்னியக்கோயில் தாண்டி வேகம் 60-ஐத் தொட்டதும் ‘ஊம்…’ என்று ஒரு சத்தம் எழுந்தது. பெட்ரோல் கார் என்றால் இன்ஜின் இரைச்சலில் அது இன்னும் கொஞ்ச நாள் அமுங்கிக் கிடந்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஓட்டிப் பார்க்காமலேயே “இடது முன்பக்கம் பேரிங் போயிருக்கு” என்று சொல்லி, சக்கரம் உராயாமல் சுழல உதவும் அந்தக் குண்டு வளையத்தை மாற்றிவிட்டார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. கெட்டிருந்தது வலது பக்கம். அதனால்தான் இங்கே கழற்றி மாட்டுவதைவிடக் கண்டுபிடிப்பதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன்.

படி 1: சத்தம் எதோடு சேர்ந்து மாறுகிறது?

இந்தச் சத்தம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: வீல் பேரிங், டயர், மோட்டாரோடு சேர்ந்திருக்கும் கியர்பாக்ஸ்.

முதலில் கியர்பாக்ஸ். 60 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், மறுபடி மிதியுங்கள். மிதிக்கும்போது ஒரு மாதிரியும், ரீஜென் (காலை எடுத்ததும் மோட்டாரே வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) பிடிக்கும்போது வேறு மாதிரியும் கேட்டால் கியர்பாக்ஸ் பக்கம் பார்க்க வேண்டும். காலை எடுத்தாலும் மிதித்தாலும் ஒரே சத்தம், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்குகிறது என்றால் கோளாறு சக்கரத்தில்.

அடுத்தது டயர். தார்ச்சாலையிலிருந்து சிமென்ட் சாலைக்கு ஏறும்போது சத்தம் நன்றாக மாறினால் பெரும்பாலும் டயர்தான். கார் நின்றபிறகு டயரின் மேல் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ரம்பப் பல் மாதிரி ஏற்ற இறக்கமாக இருந்தால் தேய்மானம் சீராக இல்லை. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றுங்கள். சத்தமும் பின்னால் போய்விட்டால் பேரிங் வாங்க வேண்டிய வேலையே இல்லை.

படி 2: எந்தப் பக்கம்?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறோம், பஸ் இடதுபக்கம் திரும்புகிறது. நாம் வலதுபக்கம் சாய்கிறோம் அல்லவா? காரின் எடையும் அப்படித்தான் சாயும். வண்டி நடமாட்டம் இல்லாத, அகலமான, நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கை லேசாக இடதுபக்கமும் வலதுபக்கமும் அசையுங்கள். இடதுபக்கம் திருப்பும்போது சத்தம் கூடினால் வலது பேரிங், வலதுபக்கம் திருப்பும்போது கூடினால் இடது. சில சமயம் இது தலைகீழாகவும் நடக்கும். ஆகவே ஜாக்கி போட்டு உறுதி செய்யாமல் பாகத்தை வாங்காதீர்கள்.

படி 3: ஜாக்கி போட்டுப் பார்ப்பது

மின்சாரக் காரில் பேட்டரி காரின் தளத்துக்கு அடியிலேயே இருப்பதால், கைக்குக் கிடைத்த இடத்தில் ஜாக்கியை வைத்தால் பேட்டரிப் பெட்டி நசுங்கும். காரோடு வந்த கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். முன் சக்கரத்தைத் தூக்குவதானால் ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, காரைத் தாங்கும் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும்.

சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். அப்போதும் ஆடினால் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் பால் ஜாயின்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களைப் பாருங்கள்.

அப்புறம் கால் பிரேக்கை விட்டு, காரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைத் தொடுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். ஆட்டம் துளியும் இல்லாமல் கரகரப்பு மட்டும் இருப்பது உண்டு. என் காரிலும் அப்படித்தான் இருந்தது. மோட்டாரை ஓடவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

படி 4: மாற்றுவது

“கிரீஸ் வைத்தால் போதும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போதைய கார்களில் வருவது மூடி முத்திரையிட்ட பேரிங். கெட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) சேர்ந்து போல்ட்டில் மாட்டும் வகை என்றால் வேலை சுலபம். நக்கிளுக்குள் (ஹப்பைத் தாங்கும் உலோகப் பாகம்) அழுத்தி ஏற்றும் வகை என்றால் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். நக்கிளைக் கழற்றி, பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். முதல்முறை செய்பவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று இவற்றைக் கவனித்தால் போதும்:

கார் தரையில் இருக்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சில் நட்டைத் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட்டு) தளர்த்த வேண்டும். காலிப்பரை (பிரேக் பேடுகளை அழுத்தும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். சுத்தியலால் பேரிங்கை அடிக்கவே கூடாது. அந்த அடி குண்டுகள் வழியாகப் போய், அவை உருளும் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். நக்கிளில் ஏற்றும்போது பிரஸ் வெளி வளையத்தை அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். பல கார்களில் பேரிங்கின் ஒரு பக்கம் காந்தப் பட்டை இருக்கும். அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) சென்சார் பக்கம் பார்த்திருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். பேரிங் நழுவாமல் பிடிக்கும் சர்க்லிப்பும் ஆக்சில் நட்டும் புதிதாக இருக்கட்டும். நட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்கிய பிறகே காரின் எடையை அந்தச் சக்கரத்தில் இறக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற கேபிள்களுக்கும் இந்த வேலைக்கும் சம்பந்தமில்லை, யாரும் தொட வேண்டாம்.

நம் ஊருக்காக ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கடலூரிலும் புதுச்சேரியிலும் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. ஹப் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற கார் என்றால், பேரிங்கின் மூடியான சீல் வழியாக நீர் இறங்கியிருக்கலாம். சத்தம் உடனே வராது, உள்ளே துரு ஏறிய பிறகுதான் வரும். ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை படி 3-ஐச் செய்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, முன்பு சத்தம் கேட்ட அதே சாலையில், அதே வேகத்தில், ஜன்னலை மூடி, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.